பன்னிரண்டு சுற்று பாக்கி

கார்த்திகை 28, ஞாயிறு

விடியற்காலையிலிருந்து தூறல். ஆஸ்பத்திரிக்கு வந்து ஒன்பதாம் நாள். பெண்கள் வார்டு, ஜன்னலோரக் கட்டில். நாத்தனார் கோமதிக்கு நாளை முதல் சிகிச்சை. முடிவாகிவிட்டது. இங்கே இ.சி.டி. என்கிறார்கள். ஊரில் சொல்வது ஷாக்.

கோ. இன்றைய கணக்கு:
கஞ்சி: கொடுத்தது 14 ஸ்பூன். உள்ளே போனது 3.
தண்ணீர்: அரை டம்ளர். பாதி தாடையில்.
குளுக்கோஸ்: 2 பாட்டில்.
தூக்கம்: தெரியவில்லை. கண் மூடியிருக்கிறது, தூங்குகிற மூச்சு இல்லை.
பேச்சு: 0.

பேச்சு பூஜ்யம் இன்றோடு இருபத்து மூன்று நாள். கையைத் தூக்கிவிட்டால் தூக்கின இடத்திலேயே நிற்கிறது. நான்தான் இறக்கி வைக்கிறேன். சேரன்மகாதேவிப் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அந்தக் கை எழுதாத கரும்பலகை அங்கே கிடையாது.

டாக்டரம்மா உட்கார்ந்து விளக்கினார். மயக்கம் கொடுத்து, உடம்பு துள்ளாமலிருக்கத் தசைக்கு ஒரு ஊசி போட்டு, தலையில் சில நொடி மின்சாரம். அதனால் மூளைக்குள் ஒரு வலிப்பு வரும். அந்த வலிப்புதான் மருந்து. தி., பு., வெ., வாரம் மூன்று. ஆறு ஆகலாம், பன்னிரண்டும் ஆகலாம். மறதி வரலாம், சில மாதத்து நினைவு போகவும் போகலாம். இப்படி உறைந்துபோய்ச் சாப்பிடாமல் கிடக்கிற நோய்க்கு இதுதான் சீக்கிரம் கேட்கும் என்றார். மாத்திரையும் ஊசியும் பார்த்தாயிற்று. ஊசி போட்ட அன்று ஒரு மணி நேரம் கண்ணைத் திருப்பிப் பார்த்தாள், அவ்வளவுதான். இன்னும் காத்திருந்தால் உடம்பில் தண்ணீர் வற்றிச் சிறுநீரகம் போகும் என்றார்.

கையெழுத்து அத்தான் போட வேண்டும். கூடப் பிறந்தவர் அவர் ஒருத்தர்தான்.

"டாக்டரம்மா, நான் கரண்ட் ஆபீஸ்ல முப்பத்தி நாலு வருஷம். கம்பத்துல ஏறுனவன். கரண்டத் தொடாதீயன்னு ஊருக்கே சொன்ன ஆளு. என் தங்கச்சி தலையில வைங்கன்னு நான் எப்படிம்மா கையெழுத்து போடுவேன்?"

டாக்டரம்மா சிரிக்கவில்லை. எழுந்து கூட்டிக்கொண்டு போய் மெஷினைக் காட்டினார். அத்தான் கால் மணி நேரம் உள்ளே. திரும்பி வந்ததும் முதல் சொல்:

"எர்த்து நல்லாத்தான் இருக்கு."

பிறகு கொஞ்சம் கழித்து, "சின்னப் பெட்டிளா. எம்புட்டு, எத்தன நொடின்னு அதுவே எண்ணி நிறுத்திருது. நம்ம லைன் மாதிரி இல்ல."

போட்டுவிட்டார். பெயரில் முதல் எழுத்து சரியாக விழவில்லை.

இன்னொன்றும் இன்று தெரிந்தது. முன்பு எப்போதாவது இப்படி வந்ததா என்று கேட்டபோது அத்தான் தரையைப் பார்த்துச் சொன்னார். கோமதி பி.எட். படிக்கும்போது இரண்டு மாதம் இதேபோலப் பேச்சில்லாமல் கிடந்தாளாம். மாமியார் ஊருக்கு வயிற்றுக்கட்டி என்று சொல்லிவிட்டார்களாம். நான் இந்தக் குடும்பத்துக்கு வந்து இருபத்து நாலு வருஷம். இன்றுதான் காதில் விழுகிறது. கோபப்பட இன்றைக்கு நேரமில்லை.

எனக்கு நடுக்கமும் இல்லை. பிள்ளையாரிடம் ஒப்படைத்தாயிற்று. அவர் டாக்டரம்மாவிடம் ஒப்படைத்திருக்கிறார். சரியாகத்தான் போகிறது.

நாளைக்கு:
இன்று இரவு பத்துக்கு மேல் வாயில் ஒன்றும் கூடாது. தண்ணீர்கூட.
தலையில் எண்ணெய்ப் பசை கூடாது. சீயக்காய் போட்டு அலசியாயிற்று.
தோடு, வளையல் கழற்றியது. மூக்குத்தித் திருகு வரவில்லை. சோப்பு போட்டுப் பார்க்க.

கார்த்திகை 29, திங்கள்

மூக்குத்தி வந்துவிட்டது. மழை இல்லை.

உள்ளே 7.40. வெளியே 8.15. அவ்வளவுதான். நான் கந்தனை நினைத்து ஆரம்பித்த ஜபம் முடியவில்லை, அதற்குள் கூட்டி வந்துவிட்டார்கள்.

வலிப்பு முப்பத்து நாலு நொடி என்றார் சிஸ்டர். உடம்பு துள்ளாவிட்டால் எப்படித் தெரியும் என்று கேட்டேன். ஒரு காலில் மட்டும் பட்டை கட்டித் தசை மருந்து போகாமல் நிறுத்துவார்களாம். அந்தப் பாதம் துடிப்பதை வைத்து எண்ணுவார்களாம். நல்ல யோசனை. இதை யார் முதலில் யோசித்தாரோ, அவருக்கும் ஒரு விளக்கு.

பக்கத்துக் கட்டிலில் உவரிக்காரி செல்வமேரி அக்கா. மீன் ஏலத்தில் கூவிக் கூவித் தடித்த குரல். மகளுக்கு மாத்திரை மாற்ற வந்திருக்கிறார்கள். அந்த மகளுக்குப் போன வருஷம் இதே சிகிச்சை, எட்டுத் தடவை. இப்போது கட்டிலில் உட்கார்ந்து போனைப் பார்த்துச் சிரிக்கிறது. அதைப் பார்ப்பதே எனக்குப் பாதி மருந்து.

"என்னளா, சினிமாவுல காட்டுத மாதிரி கட்டிப்போட்டுக் கதற வைப்பாவன்னு நெனச்சியா?"

"நான் நெனைக்கலக்கா. எங்க வீட்டுக்காரங்கதான்."

"ஆம்பளயளே அப்படித்தான். எங்க ஆளு கடல்ல சுறாவப் பிடிப்பான். இங்கன ஊசியப் பாத்ததும் அந்தோணியாரக் கூப்புட்டான்."

கோ. நாள் முழுக்க உறக்கம். இது நிஜ உறக்கம், மூச்சு சொன்னது. கஞ்சி உள்ளே போனது 4. பேச்சு 0.

மார்கழி 1, செவ்வாய்

பனி. மார்கழி பிறந்தும் நான் வாசலில் கோலம் போடாத முதல் வருஷம். அத்தானிடம் தண்ணீராவது தெளிக்கச் சொன்னேன். தெளித்தாராம். பக்கெட்டோடு ஊற்றியிருப்பார்.

ஆஸ்பத்திரி வளாகத்தில் வேப்பமரத்தடியில் ஒரு பிள்ளையார். ஐந்து மணிக்கே பாட்டுப் போட்டுவிட்டார்கள். சிஸ்டரிடம் சொல்லிவிட்டுப் போய்க் கும்பிட்டு வந்தேன். கால் மணி நேரம்.

கோ. கஞ்சி 5. பேச்சு 0.

சும்மா உட்கார்ந்திருந்தபோது பழைய பக்கங்களைத் திருப்பினேன். ஆவணியில் பிள்ளையார் சதுர்த்தி அன்று எழுதியிருப்பது: கொழுக்கட்டை 51. கோமதி வந்தாள், போனாள்.

அது முழுக் கணக்கு இல்லை. இன்று முழுதாக எழுதிவிடுகிறேன்.

மகளுக்கு ஓசூரில் வேலை கிடைத்ததற்குத் தெருப் பிள்ளையாருக்கு 108 சுற்று வேண்டியிருந்தேன். முழங்கால் வலி. நாளுக்குக் கொஞ்சமாகச் சுற்றி இந்த நோட்டில் குறித்துவந்தேன். சதுர்த்தி அன்று நோட்டு கூடத்து மேசையில் கிடந்தது. கோமதி எடுத்து, சொந்தக்காரர்கள் ஏழெட்டுப் பேர் முன்னால், பள்ளிக்கூடப் பிரேயரில் வாசிக்கிற குரலில் வாசித்தாள்.

"இன்று எட்டுச் சுற்று. மொத்தம் 96. பாக்கி 12. பிள்ளையாரப்பா, வலது முழங்காலைக் கவனி."

பிறகு எல்லோரையும் பார்த்து, "எங்க மதினி பிள்ளையாருக்கே தவண கட்டுதாக. அவரு வட்டி போடுதாரான்னு கேளுங்க!"

எல்லோரும் சிரித்தார்கள். அத்தானும்.

நான் சொன்னேன், "உன் பேச்சக் கேக்க உன் வீட்டுல ஒரு ஆளு கெடையாது. அதான் இங்கன வந்து கொட்டிட்டுப் போற."

தாயும் தகப்பனும் போய், கல்யாணமும் ஆகாமல், சேரன்மகாதேவியில் தனி வீட்டில் இருக்கிற நாற்பத்தாறு வயதுப் பெண்ணிடம் சொன்னேன். எட்டாவதோடு நின்றவள், நூலகத்துப் புத்தகங்களையும் பேப்பரையும் வாசித்தே எழுத்தைப் பிடித்தவள் நான். பிடித்த எழுத்தையெல்லாம் கூர் தீட்டி அன்றைக்கு எறிந்தேன்.

கோமதி தட்டை வைத்துவிட்டு பஸ்ஸுக்குப் போய்விட்டாள். அப்புறம் வரவில்லை. ஐப்பசியில் போனில் பேச்சு குறைந்தது. கார்த்திகை பிறந்ததும் பள்ளிக்கூடத்திலிருந்து அத்தானுக்குப் போன். டீச்சர் போர்டைப் பார்த்தபடி நிற்கிறார், திரும்ப மாட்டேன் என்கிறார்.

அந்தப் பன்னிரண்டு சுற்று இன்னும் பாக்கி. அன்றைக்குப் பிறகு கால் போகவில்லை.

மார்கழி 2, புதன்

இரண்டாம் சிகிச்சை. 7.30 முதல் 8.05. வெளியே வரும்போது தலையைத் தானாகத் திருப்பினாள்.

டாக்டரம்மாவிடம் சதுர்த்திக் கதையைச் சொன்னேன். மறைத்து என்ன செய்ய. அவர் கேட்டுவிட்டு, "அம்மா, ஒரு வார்த்தையால இந்த நோய் வராது. இது மூளையில வர்ற நோய். இருபது வயசுலயே ஒரு தடவ வந்திருக்கு. அப்ப நீங்க அந்த வீட்டுக்கே வரல" என்றார்.

சரி. நோய் என்னால் வரவில்லை. அதை டாக்டரம்மா சொன்னபடியே ஏற்றுக்கொண்டேன். வலி என்னால் வந்ததுதான். அது இரண்டும் வேறு வேறு வரி. ஒன்றை அடித்தால் இன்னொன்று அடிபடாது.

மாலையில் கஞ்சி 9. ஒன்பது! பேச்சு 0. ஆனால் அத்தான் கதவைத் திறந்து வந்தபோது யார் என்று பார்த்தாள்.

மார்கழி 4, வெள்ளி

தப்பு நடந்துவிட்டது. என் தப்பு.

விடியற்காலையில் வேப்பமரத்தடிப் பிள்ளையாருக்குப் பாலபிஷேகம். பொங்கல் கொடுத்தார்கள். கோமதிக்கு வேண்டாம், இன்று வெறும் வயிறு என்று சொல்லி நான் மட்டும் வாங்கிக்கொண்டேன். அபிஷேகப் பால் சின்னக் கிண்ணத்தில் கொண்டுவந்து கோமதி வாயில் இரண்டு ஸ்பூன் விட்டேன்.

ஏழு மணிக்கு சிஸ்டர் வழக்கம்போலக் கேட்டார். "காலையில எதுவும் குடுக்கலியே?"

"ஒண்ணும் குடுக்கல சிஸ்டர். பொங்கலக்கூட வேண்டாம்னுட்டேன். அபிஷேகப் பால் மட்டும் ரெண்டு ஸ்பூன்."

சிஸ்டர் தள்ளுவண்டியிலிருந்து கையை எடுத்தார். மயக்க டாக்டர் வந்தார். சின்ன வயது.

"பால் குடுத்தீங்களாம்மா?"

"பால் இல்ல டாக்டர். பிரசாதம்."

அவர் கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார். "அம்மா, சாமிக்குத் தெரியும் அது பிரசாதம்னு. மயக்கத்துல மேல வந்து நெஞ்சுக்குள்ள இறங்குச்சுன்னா நுரையீரலுக்கு அது பால்தான்."

இன்றைக்கு ரத்து. அடுத்தது திங்கள்.

பதினாறு வயதிலிருந்து சஷ்டி விரதம் இருக்கிறவள் நான். திருச்செந்தூர் மண்டபத்தில் ஆறு நாள் கிடந்திருக்கிறேன். பச்சைத் தண்ணீரைத் தொட மாட்டேன், ஆனால் அபிஷேகப் பாலும் இலை விபூதியும் வாயில் போடுவேன். அது விரதத்தை முறிக்காது. அந்தக் கணக்கை இங்கே கொண்டுவந்து போட்டுவிட்டேன். தண்ணீர்கூடக் கூடாது என்று என் கையாலேயே எழுதியும் வைத்திருந்தேன். எழுதும்போது பிரசாதம் அதில் அடங்கும் என்று தோன்றவே இல்லை.

செ. அக்கா விடவில்லை. "எங்க கோயில்ல பூசையில நன்மை அப்பம் வாங்கப் போகணும்னா ஒரு மணி நேரத்துக்கு முந்தியே வாயக் கட்டிருவோம். நீங்க விரதத்துலயே குடிப்பீயளோ?" மகள் தன் அம்மாவைக் கிள்ளியது.

சாயங்காலம் டாக்டரம்மா வந்தார். திட்டு வாங்கத் தயாராக எழுந்து நின்றேன். அவர் கேட்டது வேறு.

"விழுங்கினாங்களா?"

"ஆமா. ரெண்டாவது ஸ்பூனுக்கு அவளாவே வாயத் திறந்தா."

"அவங்களாவேவா?" நோட்டை வாங்கிப் பார்த்தார். 3, 4, 5, 9. பிறகு, "திங்கக்கிழமை விட்ட இடத்துலருந்து பிடிச்சிடலாம்" என்றார்.

மார்கழி 6, ஞாயிறு

வெயில்.

கஞ்சி நேற்று 4, இன்று 1. பேச்சு 0. கை மறுபடியும் தூக்கின இடத்தில் நிற்கிறது. குளுக்கோஸ் திரும்ப ஏற்றுகிறார்கள். வெள்ளிக்கிழமை நடந்திருந்தால் இந்த ஒன்று ஒன்பதாக இருந்திருக்குமோ என்னவோ.

அத்தான் வந்தார். டிபன் கேரியரை வைத்துவிட்டு, ஜன்னல் பக்கம் சுவிட்ச் போர்டில் தளர்ந்திருந்த ஒரு திருகை நகத்தால் முறுக்கிக்கொண்டே இருந்தார். அதைவிட நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

பிள்ளையாரிடம் போனேன். உமக்கு வந்த பாலைத்தானே கொடுத்தேன், நீர் கிண்ணத்தைத் தட்டிவிட்டிருக்கலாமே என்று கேட்டேன். உடனேயே வெட்கமாகிவிட்டது. அவர் எத்தனை கிண்ணத்தைத் தட்டிவிடுவார். தப்பு என்னுடையதுதான் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வந்து ஒரு அட்டையில் பெரிதாக எழுதிக் கட்டில் கம்பியில் கட்டினேன்:

சிகிச்சை நாள் காலையில்
தீர்த்தம் கூடாது. பிரசாதம் கூடாது.
விபூதி நெற்றிக்கும் வேண்டாம், வாய்க்கும் வேண்டாம்.
முடிந்து வந்து எல்லாம் கொடுக்கலாம். சாமி காத்திருப்பார்.

சிஸ்டர் நின்று வாசித்தார். அவிழ்த்துக் கொண்டுபோய் வார்டு வாசலில் மாட்டிவிட்டார். செ. அக்கா சொல்லி, கீழே அப்பமும் கூடாது என்று ஒரு வரி சேர்த்தேன்.

மார்கழி 7, திங்கள்

மூன்றாவது. நடந்தது. வாயில் ஒன்றும் இல்லை, நெற்றியில் ஒன்றும் இல்லை. சிஸ்டர் கேட்கும் முன்பே நான் சொன்னேன்.

இரவுக்குள் கஞ்சி 11. முழு டம்ளர் தண்ணீர். சரியாகிவிடும். எனக்குச் சந்தேகமில்லை.

மார்கழி 9, புதன்

நான்காவது. 7.35 முதல் 8.05.

மணி நாலு பத்து. நான் துண்டு மடித்துக்கொண்டிருந்தேன். அத்தான் பேப்பர்.

"மதினி, அந்த ஃபேன நிறுத்துங்க."

துண்டு கையிலேயே நின்றது. அத்தான் எழுந்து ஃபேனை நிறுத்தினார். மறுபடியும் போட்டார். மறுபடியும் நிறுத்தினார். பிறகு பியூஸ் பாக்ஸைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று வெளியே போனார். பியூஸில் ஒன்றும் இல்லை என்று எனக்குத் தெரியும்.

செ. அக்கா கன்னத்தில் கை வைத்துக்கொண்டு, "ஏளா, முப்பது நாளுக்கு மேல வாயத் தொறக்காதவ, தொறந்ததும் வேலயால்ல சொல்லுதா! டீச்சரேதான்."

கோ. கணக்கு:
இட்லி: ஒன்றரை. தானே பிட்டுத் தின்றாள்.
பேச்சு: 5. (மதினி, அந்த, ஃபேன, நிறுத்துங்க. அப்புறம் ஆறு மணிக்குத் தண்ணி.)

மார்கழி 10, வியாழன்

பேச்சு: எண்ண முடியவில்லை. காலை ஒன்பது வரை எண்ணி 60 தாண்டியதும் விட்டுவிட்டேன்.

தாடை வலிக்கிறது என்கிறாள். தலை கனக்கிறதாம். இரண்டும் போகும் என்றார்கள். ஆனால் வேறு ஒன்று.

தலை சீவிவிட்டுக்கொண்டிருந்தேன். சொன்னாள், "மதினி, சதுர்த்திக்கு இந்தத் தடவ எள்ளுக் கொழுக்கட்டயும் போடுங்க. நான் ரெண்டு நாள் முன்னாடியே வந்துருதேன்."

"எந்தச் சதுர்த்திக்கு?"

"வரப்போற சதுர்த்திக்குத்தான்."

சீப்பு நின்றுவிட்டது. ஜன்னலுக்கு வெளியே மார்கழிப் பாட்டு ஓடிக்கொண்டிருக்கிறது. இவளுக்கு ஆவணி இன்னும் வரவில்லை.

என் கையைப் பிடித்துக்கொண்டாள். "உங்கள ரொம்பப் படுத்துதேனோ?" இருபத்து நாலு வருஷத்தில் இப்படி ஒரு வார்த்தை அவள் வாயிலிருந்து வந்ததில்லை.

சதுர்த்தி போய்விட்டது. நான் சொன்னதும் போய்விட்டது.

மார்கழி 11, வெள்ளி

ஐந்தாவது. நன்றாக முடிந்தது.

மறதி இந்தச் சிகிச்சையின் பக்கவிளைவுதான் என்றார் டாக்டரம்மா. புதிதாக நடப்பது சில வாரம் குழம்பும், அது தெளிந்துவிடும். நோய்க்கு முந்தைய சில மாதத்தில் சில நினைவு திரும்பாமலே போகலாம், சிலது தானாக வரும். முன்பே சொல்லியிருந்தார். நானும் எழுதியிருக்கிறேன். எழுதும்போது அது யாருக்கோ நடப்பது போல இருந்தது.

அத்தானிடம், அவளிடம் சதுர்த்தி விஷயத்தைச் சொல்ல வேண்டும் என்றேன்.

"உனக்கென்ன கிறுக்கா? சாமியே அழிச்சுக் குடுத்தத நீ ஏன் திரும்ப எழுதுத?"

"சாமி அழிக்கல அத்தான். கரண்ட் அழிச்சிருக்கு. நீங்கதான கையெழுத்து போட்டீங்க."

"ஏதோ ஒண்ணு. இப்ப ரெண்டு பேரும் நல்லாத்தான இருக்கீய?"

நல்லாத்தான் இருக்கிறோம். அவள் என் கையைப் பிடிக்கும்போதெல்லாம் எனக்குத்தான் கூசுகிறது. அவள் மன்னித்துப் பிடிக்கிற கை இல்லை அது. தெரியாமல் பிடிக்கிற கை. அதுவும் தவிர, அன்றைக்கு வீட்டில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். நாளைக்கு எவளாவது ஒருத்தி சிரித்துக்கொண்டே சொல்லுவாள். அப்போது கேட்பதைவிட என் வாயால் கேட்கட்டும்.

டாக்டரம்மாவிடம் கேட்டேன். "சிகிச்சை நடக்கும்போது வேண்டாம். வீட்டுக்குப் போய், நல்லாச் சாப்பிட்டு, நல்லாத் தூங்கட்டும். அதுக்கப்புறம் நீங்க சொல்றதுல தப்பில்ல" என்றார்.

சரி. காத்திருக்கிறேன்.

மார்கழி 14, திங்கள்

ஆறாவது. இனி வாரம் ஒன்று, வந்து வந்து போனால் போதும். மாத்திரை நிறுத்தக் கூடாது. மூன்று தடவை சொன்னார்கள், மூன்று தடவையும் எழுதினேன்.

செ. அக்காவும் மகளும் உவரிக்குக் கிளம்பிவிட்டார்கள். போகும்போது கோமதி தாடையைப் பிடித்து, "டீச்சரே, ஒங்க மதினி ஒரு நல்ல நோட்டு போட்டிருக்கா. ஒரு நாளு வாங்கிப் பாரு, நீ எத்தன ஸ்பூனு துப்புனேன்னு அதுல இருக்கு."

கோமதி என்னைப் பார்த்தாள். "எழுதிவேற வச்சிருக்கீயளா?"

நோட்டைப் பைக்குள் போட்டுவிட்டேன்.

மார்கழி 17, வியாழன்

வீடு. அத்தான் தண்ணீர் தெளித்த வாசலில் பாசி பிடித்திருக்கிறது. தேய்த்துக் கழுவி ஐந்து புள்ளிக் கோலம். கோமதி ஒரு பக்கம் இழுத்தாள். கோடு கொஞ்சம் ஆடியது. எனக்குப் பூரணகும்பம் போல இருந்தது.

கோ.: தோசை 3. தூக்கம் 7 மணி நேரம். அடுப்பை அணைத்தோமா என்று இரண்டு முறை கேட்டாள். இரண்டு முறையும் புதிதாகக் கேட்பது போலவே பதில் சொன்னேன்.

தையில் பள்ளிக்கூடம் போக வேண்டும் என்கிறாள். டாக்டரம்மாவைக் கேட்டுத்தான்.

மார்கழி 19, சனி. திருவாதிரை

நல்ல பனி. நாலு மணிக்கே எழுந்து குளித்து, அரிசி வறுத்துக் களி. ஏழு காய் போட்டுக் கூட்டு. நடராஜருக்குப் படைத்து முடிய ஆறு.

அத்தான் பேப்பரோடு. கோமதி களியை ஒரு வாய் போட்டாள். மென்றாள். நிறுத்தினாள்.

"மதினி, வெல்லம் கம்மி."

அதற்குத்தான் காத்திருந்தேன் போலிருக்கிறது. அடுப்படியிலிருந்து வந்து எதிரில் உட்கார்ந்து சொல்லிவிட்டேன். சுற்றி வளைக்கவில்லை. சதுர்த்தி போய் நாலு மாதமாகிறது. நீ வந்தாய். நோட்டை எடுத்து வாசித்தாய், தவணை என்றாய். நான் இன்ன வார்த்தை சொன்னேன். சொன்னபடியே சொன்னேன், ஒரு சொல் குறைக்கவில்லை.

அத்தான் பேப்பரை உயர்த்திக்கொண்டார்.

கோமதி ஸ்பூனைக் கீழே வைத்தாள்.

"எல்லாரு முன்னாடியுமா?"

"ஆமா."

"நான் என்ன சொன்னேன்?"

"ஒண்ணும் சொல்லல. தட்ட வச்சுட்டு பஸ்ஸுக்குப் போயிட்ட."

"நானா? ஒண்ணுமே சொல்லலயா?"

நான் சொன்னதைக்கூட நம்பினாள். தான் பதில் சொல்லாமல் போனதைத்தான் அவளால் நம்ப முடியவில்லை. கொஞ்ச நேரம் களியையே பார்த்தாள். கண் நிறைந்தது. துடைக்கவில்லை. அவசரப்பட்டுவிட்டேனோ, மறுபடியும் வாய் மூடிவிடுமோ என்று ஒரு நிமிஷம். இத்தனை நாளில் அந்த ஒரு நிமிஷம்தான் பயந்தேன்.

பிறகு விரலை நீட்டினாள். வகுப்பில் நீட்டுகிற விரல்.

"அப்ப இப்ப சொல்லுதேன். வேணும்னா எழுதிக்கோங்க. என் பேச்சக் கேக்க என் வீட்டுல ஆளு இல்லதான். அதான் பஸ் ஏறி உங்ககிட்ட வந்தேன். உங்க பேச்சக் கேக்க மட்டும் இந்த வீட்டுல யாரு இருக்கா? நீங்க எங்கயும் போகல, நோட்டுகிட்ட போனீய. நோட்டு திருப்பிப் பேசுமா மதினி?"

பேப்பருக்குப் பின்னாலிருந்து அத்தான், "நான் இருக்கேம்லா."

"இருக்கீயண்ணே. மீட்டரு மாதிரி. ஓடுதது தெரியும், சத்தம்தான் வராது."

நான் சிரித்தேனா அழுதேனா தெரியவில்லை. அவளும் அப்படித்தான். அத்தான் பேப்பர் மட்டும் ஆடியது.

முகம் கழுவி வந்து சொன்னாள், "நோட்ட எடுத்தது என் தப்புதான். ஆனா பாக்கி 12ன்னு சாமிக்கு எழுதுத ஆள யாரு சிரிக்காம விடுவா?" அப்புறம், "அந்தப் பன்னெண்டு என்னாச்சு?"

"பாக்கிதான்."

"இத்தன மாசமாவா? எந்திரிங்க. நீங்க சுத்துங்க, நான் எண்ணுதேன். உங்க கணக்கு எனக்கு நம்பிக்க இல்ல."

களியை மூடி வைத்துவிட்டுப் போனோம். தெருப் பிள்ளையார் கோயில் படியில் அவள் சால்வையோடு உட்கார்ந்தாள். நான் சுற்றினேன். ஒவ்வொரு சுற்றுக்கும் படியைத் தாண்டும்போது சத்தமாக எண்ணினாள், தெருவே கேட்க. நாலு. அஞ்சு. ஆறு. ஏழு.

அடுத்த சுற்றுக்கும் ஏழு என்றாள்.

முகத்தைப் பார்த்தேன். அவளுக்குத் தெரியவில்லை. இன்னும் சில வாரத்தில் தெளிந்துவிடும். நான் ஒன்றும் சொல்லாமல் நடந்தேன். முழங்கால் அவ்வளவாக வலிக்கவில்லை.

சுற்றியது 13. டீச்சர் கணக்கில் 12. பாக்கி இல்லை.